இளவழகியை எத்தனை பேருக்குத் தெரியும்?

2008-ம் ஆண்டு. மும்பை நகரில் ஓர் ஏலம் நடந்தது. மாட்டு ஏலமும் அல்ல, மரக்கட்டை ஏலமும் அல்ல. கிரிக்கெட் வீரர்களின் ஏலம்! ஐ.பி.எல். பந்தயத்திற்காக முதன்முதலாக நடந்த ஏலம் அது. சென்னை அணி டோனியை 15 லட்சம் டாலர் கொடுத்து எடுத்தது. அன்றைய கணக்கில் சுமார் 6 கோடி ரூபாய். டீக்கடை முதல் கோயில் வாசல் வரை அதே பேச்சு.

அதே ஆண்டில் பிரான்சு நாட்டில் கேன் என்ற கடற்கரை ஊரில் உலக கேரம் பந்தயம் நடந்தது. சினிமா விழாவுக்குப் பேர் போன ஊர் அது. அங்கே பெண்கள் ஒற்றையர் ஆட்டத்தில் உலகப் பட்டத்தை வென்றவர் ஒரு சென்னைப் பெண். பெயர், இளவழகி. ஊர், வியாசர்பாடி. தகப்பனார் மீன்பாடி வண்டி ஓட்டியவர்.

டோனியைத் தெரியாதவர் தமிழ்நாட்டில் இல்லை. இளவழகியைத் தெரிந்தவர் எத்தனை பேர்?

சென்னைக்குத் தெற்கே போய்க் கேட்டால் பலர் விழிப்பார்கள். வடக்கே போய்க் கேட்டால் கதையே வேறு. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர். இந்தப் பக்கத்தில் கேரம் பலகைக்கு அருகே நிற்கும் ஒரு பெரியவரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும். "நம்ம பொண்ணுப்பா!" என்பார். பிறகு அரைமணி நேரம் அவர் பேச்சை நிறுத்த முடியாது.

பணக்காரர்களும் பத்திரிகைகளும் அளக்காத திறமையை இந்த ஜனங்கள் அளந்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் கணக்குச் சரியா, தப்பா என்பதுதான் கேள்வி.

மீன்பாடி வண்டி

வெளியூர் வாசகர்களுக்கு மீன்பாடி வண்டி என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். சரக்கு ஏற்றும் மூன்று சக்கர சைக்கிள் வண்டி. அதில் ஒரு பழைய மோட்டார் எஞ்சினைப் பூட்டிவிட்டால் அதுதான் மீன்பாடி வண்டி. காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்திலிருந்து ஐஸ் உருகுவதற்குள் மீனை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த அவசரத்தில் பிறந்த வண்டி. மீன் இல்லாத நேரத்தில் இரும்புக் குழாய் ஏறும், சிமெண்டு மூட்டை ஏறும், கல்யாண வீட்டு நாற்காலியும் ஏறும்.

அந்த வண்டி ஓட்டும் வீட்டில் ஒரு நாள் வண்டி நின்றால் அடுத்த நாள் அடுப்பு யோசிக்கும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு பெண் பிரான்சு வரை போய் உலகத்தை ஜெயித்துவிட்டு வந்தார் என்றால் அது சாமானியமான காரியமா?

பலகையைச் சுற்றி ஒரு கூட்டம்

கேரம் ஆட்டத்தைப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. "வேலை வெட்டி இல்லாதவன் ஆடும் ஆட்டம்" என்று திட்டும் தாய்மார்களும் உண்டு. அவர்கள் மேல் குற்றமில்லை. தெருமுனையில் பையன் இரவு பதினோரு மணி வரை நின்றால் எந்தத் தாய்க்குத்தான் கோபம் வராது?

ஆனால் ஆட்டத்தின் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பந்தயப் பலகையின் ஆடும் பரப்பு ஒரு பக்கம் 74 சென்டிமீட்டர். நான்கு மூலையிலும் நான்கு குழிகள். ஒரு குழியின் குறுக்களவு 4.45 சென்டிமீட்டர். ஸ்ட்ரைக்கரின் குறுக்களவு 4.13 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். காய் அதைவிடச் சிறியது. அதன் எடை ஐந்து கிராமுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பவுடர் தூவிய பலகையில் அது எண்ணெய் பூசிய மீன் மாதிரி வழுக்கும். காய்க்குப் பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் குழிக்குள் போய்விட்டால் அபராதம். விரல் நுனியில் ஒரு நூலிழை கூடினாலும் ஆட்டம் கை மாறிவிடும்.

வெள்ளை 9, கருப்பு 9, சிவப்பு 1. சிவப்பைப் போட்டால் மட்டும் போதாது. உடனே தன்னுடைய காய் ஒன்றையும் போட வேண்டும். தவறினால் சிவப்பு திரும்பப் பலகைக்கு வந்துவிடும். 25 புள்ளி அல்லது எட்டு போர்டு வரை ஒரு கேம். மூன்று கேமில் இரண்டு ஜெயித்தவருக்கு ஆட்டம். பெரிய பந்தயத்தில் ஒருவர் முதல் கையிலேயே ஒன்பது காயையும் சிவப்பையும் போட்டு முடிப்பதும் உண்டு. எதிரே இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்!

வடசென்னைத் தெருக்களில் பலகையைச் சுற்றி நிற்கும் அபிமானிகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் மனப்பாடம். கையில் அச்சடித்த விதிப்புத்தகம் கிடையாது. கண்ணே அளவுகோல். துறைமுகத்தில் சுமை இறக்கிவிட்டு வந்தவர் இருப்பார். கண்டெய்னர் லாரி கிளீனர் இருப்பார். ஷிப்டு முடிந்து சட்டையில் எண்ணெய்க் கறையோடு வந்த தொழிலாளி இருப்பார். ஒரு பையன் சாதாரணமாக ஒரு காயைப் போட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தன் காயைப் போட்டுவிட்டு, அதே அடியில் எதிராளியின் காயையும் குழி வாசலிலிருந்து நகர்த்தி வைத்தால், "அடடா, பாத்தியாப்பா!" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்கு விலை கிடையாது.

மெத்தப் படித்தவர்கள் வெற்றியைப் பட்டியலில் பார்க்கிறார்கள். இவர்கள் விரலில் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் நிரம்ப வித்தியாசம் உண்டு.

அதற்காக அபிமானிகள் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று எடுத்துக்கொள்ள முடியாது. "இவன் மட்டும் போயிருந்தா உலகமே நம்மகிட்ட" என்று ஒவ்வொரு தெருவிலும் ஒருவரைக் காட்டுவார்கள். எல்லாத் தெருவிலும் உலக வீரர் இருக்க முடியுமா? பாசம் கண்ணை மறைக்கும். ஆனால் இந்தப் பக்கத்துத் தெருக்கள் கைகாட்டிய பெண்கள் உண்மையாகவே உலகப் பட்டத்தோடு திரும்பி வந்திருக்கிறார்கள். ஒரு முறை என்றால் அதிர்ஷ்டம் எனலாம். மூன்று முறை நடந்த பிறகு அப்படிச் சொல்ல முடியுமா?

அமெரிக்காவிலும் இதே கதை

தேர்வு செய்கிறவர்களின் கண்ணுக்குத் திறமை தப்பிப்போவது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் கால்பந்து என்று ஓர் ஆட்டம் உண்டு. பெயர்தான் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள்!

அங்கே ஆண்டுக்கு ஒரு முறை கல்லூரி வீரர்களைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுப்பார்கள். 32 அணிகள், ஏழு சுற்றுகள். 250-க்கு மேற்பட்ட பெயர்கள் வாசிக்கப்படும். வீட்டில் தாய் தகப்பன், அண்ணன் தம்பி எல்லாரும் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். பெயர் வந்தால் கண்ணீரும் கொண்டாட்டமும். வராவிட்டால்?

வெஸ் வெல்கர் என்ற வாலிபரின் பெயர் 2004-ம் ஆண்டு வரவில்லை. உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரருக்கு அது போதாது என்பது பெரியவர்களின் கணக்கு. ஓர் அணி கருணை காட்டிச் சேர்த்துக்கொண்டது. ஒரே ஒரு ஆட்டம் முடிந்ததும் அனுப்பிவிட்டது. வெல்கர் சோர்ந்துவிடவில்லை. வேறு அணிக்குப் போனார். பிறகு 2007, 2009, 2011 ஆகிய மூன்று ஆண்டுகளில் அந்த நாட்டிலேயே அதிக முறை பந்தைப் பிடித்தவர் என்ற பெயரை வாங்கினார். பெயரை வாசிக்காத கனவான்கள் அப்போது என்ன நினைத்திருப்பார்களோ!

வெல்கருக்கு ஒரு வசதி இருந்தது. முதல் வாசல் அடைத்தாலும் இரண்டாவது வாசல் இருந்தது. 32 அணிகளில் ஏதாவது ஒன்று கூப்பிட்டால் போதும். சம்பளம் உண்டு, வைத்தியர் உண்டு, பயிற்சி மைதானம் உண்டு. கேரம் ஆடும் வியாசர்பாடிப் பெண்ணுக்கு ஏலமும் இல்லை, அணியும் இல்லை. யாரும் பெயரை வாசிப்பதே கிடையாது. ஆகவே தன் பெயர் விடுபட்டது என்று அவர் புகார் சொல்லக்கூட இடமில்லை.

ஏன் இந்தப் பக்கத்தில் மட்டும்?

வடசென்னையில் இவ்வளவு கேரம் வந்ததற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. இடம்தான் காரணம். துறைமுகமும் ஆலைகளும் ரயில் பாதையும் கிடங்குகளும் எடுத்துக்கொண்டது போக மிச்சமிருக்கும் சந்துகளில் மக்கள் வாழ்கிறார்கள். கிரிக்கெட்டுக்கு மைதானம் வேண்டும். டென்னிசுக்குக் காசு வேண்டும். கேரத்திற்கு மூன்றடிப் பலகை போதும். நாலு பேர் உட்கார இடம் இருந்தால் போதும். பலகையின் நடுவே ஒரு விளக்கு தொங்கினால் அதுவே அரண்மனை.

பெண் பிள்ளைகள் இந்த ஆட்டத்தில் ஓங்கி நிற்பதற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும். பருவம் வந்த பெண்ணை மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் வீடுகள் இன்றும் உண்டு. கேரம் வீட்டுக்குள்ளேயே நடக்கும். அம்மா ஒரு பக்கம் குழம்பு கொதிக்க வைப்பார். மகள் ஒரு பக்கம் சிவப்பைக் குறி பார்ப்பாள். அடுத்த வீட்டு அத்தை வந்து, "ஏண்டி, எப்பப் பாத்தாலும் இதே ஆட்டமா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு அவரும் உட்கார்ந்து பார்ப்பார்.

இன்னொரு சங்கதியும் பலருக்குத் தெரியாது. உலக கேரம் சங்கம் 1988-ம் ஆண்டு தோன்றியது நம் சென்னையில்தான். ஆட்டத்துக்குத் தலைநகரம் என்று ஒன்று உண்டென்றால் அது இந்த ஊர். உலகப் பந்தயம் 1991-ல் டெல்லியில் நடந்தபோதும், 1995-ல் கொழும்பில் நடந்தபோதும் பட்டம் வென்றவர் சென்னை மரிய இருதயம். 1996-ம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. கேரம் ஆட்டத்திற்காக அந்த விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே. மற்ற ஆட்டங்களில் ஒவ்வோர் ஆண்டும் விருதுப் பட்டியல் நீளுகிறது. கேரத்தில் மட்டும் ஒரு பெயரோடு கதவு மூடிக்கொண்டது.

ஒலிம்பிக்கில் இல்லையாம்!

இதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள். "கேரம் ஒலிம்பிக் ஆட்டம் இல்லையே!"

இது சரியான நியாயமாகத் தோன்றவில்லை. கபடியும் ஒலிம்பிக்கில் இல்லை. ஆனால் கபடி வீரர்களை இன்று கோடிக் கணக்கில் ஏலம் எடுக்கிறார்கள். சதுரங்கமும் ஒலிம்பிக் பந்தயத்தில் இல்லை. 2022-ம் ஆண்டு மாமல்லபுரத்தில் உலகச் சதுரங்கப் போட்டியை நம் சர்க்காரே முன்நின்று நடத்தியது. ஊரெல்லாம் குதிரைப் பொம்மை வைத்துக் கொண்டாடினோம். நல்ல காரியம். அதைக் குறை சொல்ல வரவில்லை. அந்தக் கொண்டாட்டத்தில் காற்பங்கு, வேண்டாம், அரைக்கால் பங்கு கேரம் பலகைக்கு வந்தால் போதும்.

பணம் போடுகிறவர்கள் டெலிவிஷனில் எது நன்றாகத் தெரியும் என்று பார்க்கிறார்கள். வியாபாரம் என்றால் அப்படித்தான். அவர்களைத் திட்டிப் பயனில்லை. ஆனால் சர்க்காரும் பள்ளிக்கூடமும் பெரிய ஆலைகளும் அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பானேன்?

காசிமாவும் கீர்த்தனாவும்

சமீப ஆண்டுகளில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2024-ம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உலகக் கோப்பை கேரம் பந்தயம் நடந்தது. புது வண்ணாரப்பேட்டை காசிமா அங்கே போனார். வயது 17. தகப்பனார் ஆட்டோ ஓட்டுபவர். மகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. ஒற்றையர், இரட்டையர், குழு ஆட்டம் என்று மூன்றிலும் தங்கம் வாங்கிக்கொண்டு காசிமா திரும்பினார். தமிழக அரசு 1 கோடி ரூபாய் பரிசு கொடுத்துக் கௌரவித்தது.

அடுத்த ஆண்டே, 2025 டிசம்பரில், மாலத்தீவில் நடந்த உலகக் கோப்பையில் காசிமேட்டுக் கீர்த்தனா மூன்று தங்கம் வென்றார். வியாசர்பாடி, புது வண்ணாரப்பேட்டை, காசிமேடு ஆகிய மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஓர் ஆட்டோவில் ஏறினால் காலை நேரத்து லாரி நெரிசலையும் சேர்த்து, ஒரு பொழுதில் மூன்று உலக வெற்றிக்காரர்களின் பேட்டைகளையும் சுற்றி வந்துவிடலாம். உலகத்தில் வேறு எந்த நகரத்துக்கு இந்தப் பாக்கியம் உண்டு?

காசிமாவின் ஒரு கோடியைக் கேட்டு வடசென்னை மகிழ்ந்தது. பட்டாசு வெடித்தார்கள், தோளில் தூக்கினார்கள். அந்த மகிழ்ச்சியின் நடுவில்தான் பழைய அபிமானிகள் சிலர் ஒரு கேள்வி கேட்டார்கள்: "அப்ப நம்ம இளவழகி?"

பொறாமையில் கேட்ட கேள்வி அல்ல அது. சின்னப் பெண்ணுக்குக் கிடைத்ததைப் பிடுங்கச் சொல்லவில்லை. பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஆட்டோவும் இல்லாமல் மீன்பாடி வண்டி வீட்டிலிருந்து கிளம்பி வழி காட்டியவர் ஒருவர் உண்டு என்பதை ஞாபகப்படுத்தினார்கள். முந்திப் பிறந்ததால் ஒருவருக்கு மரியாதை குறைவது எந்த ஊர் நியாயம்?

பரிசு முன்னாலா, பின்னாலா?

காசிமா அமெரிக்கா போவதற்கு முன்னால் அரசின் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை ஒன்றரை லட்ச ரூபாய் உதவி கொடுத்தது. ஜெயித்த பின் வந்தது ஒரு கோடி. இந்த இரண்டு தொகைகளில் எது பெரியது?

பள்ளிக்கூடப் பிள்ளையும் ஒரு கோடி என்று சொல்லும். ஆனால் அந்த ஒன்றரை லட்சம் சமயத்தில் வந்திருக்காவிட்டால் டிக்கெட் ஏது, விசா ஏது, மூன்று தங்கம் ஏது? பயிர் வாடும்போது ஊற்றும் ஒரு குடம் தண்ணீர் அது. அறுவடை முடிந்த வயலில் ஆற்றையே திருப்பிவிட்டாலும் அதற்கு ஈடாகுமா?

ஆகவே ஜெயித்தவருக்குக் கொடுக்கும் கோடியைக் குறைக்க வேண்டியதில்லை. ஜெயிப்பதற்கு முன் நிற்கும் நூறு பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். அவர்கள் கேட்பது அதிகமில்லை. பந்தய அளவில் நல்ல பலகை. கண் கூசாத விளக்கு. மழைக்கு ஒழுகாத ஒரு கூடம். வெளியூர்ப் பந்தயத்துக்கு ரயில் சார்ஜு. இப்போது இவற்றைப் பெரும்பாலும் யார் கொடுக்கிறார்கள்? அதே தெரு அபிமானிகள்தான். பத்து பேர் ஆளுக்கு ஐம்பது, நூறு போட்டு நுழைவுக் கட்டணம் கட்டுகிறார்கள். வாரக் கூலியில் பவுடர் வாங்கி வைக்கிறார்கள். கைதட்டுவதோடு நிற்பவர்கள் அல்ல அவர்கள்.

வேலை விஷயம் இன்னும் முக்கியம். பெட்ரோலியக் கம்பெனிகளும் எல்.ஐ.சி.யும் ரிசர்வ் வங்கியும் கேரம் ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுத்து அணி வைத்திருக்கின்றன. மாதச் சம்பளம் வந்தால்தான் ஏழை வீட்டுப் பெண் கல்யாணத்துக்குப் பிறகும் பலகையில் உட்கார முடியும். இல்லையென்றால், "போதும், ஆடினது" என்று பலகையைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். எத்தனை உலகப் பட்டங்கள் இப்படிப் பரணில் தூங்குகின்றனவோ!

வடசென்னையில் துறைமுகம் இருக்கிறது. எண்ணூரில் இன்னொரு துறைமுகமும் மோட்டார் தொழிற்சாலையும் இருக்கின்றன. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. அவற்றின் புகையையும் லாரித் தூசியையும் இந்த ஜனங்கள்தான் சுவாசிக்கிறார்கள். வாசலுக்கு வெளியே ஆடும் பிள்ளைகளில் ஆண்டுக்கு இரண்டு பேருக்கு அந்த நிறுவனங்கள் வேலை கொடுத்தால் எந்தக் கஜானாவும் காலியாகிவிடாது. தேர்வுக்கு யாரை அழைப்பது என்று திண்டாடவும் வேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் காசிமேட்டிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு தெருமுனைக்கு அதிகாரி ஒருவர் போனால் போதும். சுற்றி நிற்பவர்களே கைகாட்டிவிடுவார்கள்.

மாநகராட்சிக்கும் ஒரு வேலை உண்டு. வியாசர்பாடியில் ஒரு கேரம் கூடம் கட்டலாம். எட்டுப் பலகைகள் போட்டால் ஒரே நேரத்தில் முப்பத்திரண்டு பிள்ளைகள் ஆடலாம். பெண் பிள்ளைகளுக்கு மாலை ஐந்திலிருந்து ஏழு வரை தனி நேரம் ஒதுக்கலாம். வாசலில் வைக்க ஒரு பெயர்ப் பலகை வேண்டுமே? "உலக வெற்றி வீராங்கனை இளவழகி கேரம் கூடம், 2008" என்று எழுதினால் அந்தத் தெருவில் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.